கடினமான எஃகுதான் நல்ல ஸ்பிரிங்கா? மடக்குக் கத்தி சொல்லும் பாடம்



சாரணர் முகாமிலோ வீட்டிலோ பெரியவர்கள் மடக்குக் கத்தியைத் திறப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தொடக்கத்தில் அலகு கொஞ்சம் அடம் பிடிக்கும். அலகில் உள்ள சிறு பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தால் மெல்ல நகர்ந்து, கடைசியில் ‘டக்’கென்று தானே நிமிர்ந்து நிற்கும். மூடும்போதும் அப்படித்தான். அந்த ‘டக்’ ஒலிக்குக் காரணம், பிடியின் முதுகுப் பக்கத்தில் பதுங்கிக் கிடக்கும் சிறிய உலோகப் பட்டை. அதுதான் கத்தியின் ஸ்பிரிங்.

ஸ்பிரிங் என்றதும் சுருள்வில்தான் நம் நினைவுக்கு வரும். இது சுருள் இல்லை, நேரான பட்டை. லாரிச் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இருக்குமே, அந்தப் பட்டை ஸ்பிரிங்கின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே மடக்குக் கத்தியையே ‘ஸ்பிரிங் கத்தி’ என்றுதான் தொழிலாளர்கள் அழைத்தார்கள். 1926இல் பிறந்து 2021இல் மறைந்த ஸ்டான் ஷா, அந்த ஊரில் மடக்குக் கத்திகளைக் கையாலேயே செய்து புகழ்பெற்றவர். நல்ல கத்திக்கு ‘நடையும் பேச்சும்’ இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் ஒரு வழக்கு. அலகு ஸ்பிரிங்கின்மேல் தடங்கலின்றி நகர்வது நடை. திறந்து முடிந்ததும் எழும் ‘டக்’ பேச்சு. இரண்டுமே ஸ்பிரிங்கைப் பொறுத்தவை.

சரி, கையால் கத்தி செய்யும் ஒருவர் இந்த ஸ்பிரிங்குக்கு எந்த உலோகத்தைத் தேர்ந்தெடுப்பார்? வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “இருப்பதிலேயே கடினமான எஃகு, சார்!” கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தவறு. ஏன் தவறு என்பதுதான் இன்றைய பாடம்.

ஸ்பிரிங் செய்யும் வேலை

பழைய பாணி மடக்குக் கத்தியில் பூட்டு கிடையாது. அலகின் அடிப்பகுதி ஓர் அச்சாணியில் சுழல்கிறது. ஸ்பிரிங்கின் பின்முனையும் நடுப்பகுதியும் ஆணிகளால் பிடியோடு பிணைக்கப்பட்டிருக்கும். முன்முனை மட்டும் அசையக்கூடியது. அது அலகின் அடிப்பகுதியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும்.

அலகின் அடிப்பகுதியில் தட்டையான பக்கங்களும் மூலைகளும் உண்டு. அலகைத் திருப்பும்போது மூலை ஸ்பிரிங்கை மேலே தள்ளுகிறது. மூலை கடந்து தட்டைப் பக்கம் வந்ததும் ஸ்பிரிங் பழைய இடத்துக்குத் திரும்பி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஸ்பிரிங் மேலே எழும்பும் தூரம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான்.

இந்தச் சிறு அசைவை நம்பித்தான் நம் விரல்கள் இருக்கின்றன. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், வெட்டும்போது அலகு மடங்கி விரல்மேல் விழும். ஆகவே கத்தி செய்பவருக்கு ஸ்பிரிங் தேர்வு என்பது அழகுப் பிரச்சினை இல்லை.

இரண்டு தனித்தனிக் கேள்விகள்

ஸ்பிரிங்கைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் கேள்வி: இதை 1 மி.மீ. வளைக்க எவ்வளவு விசை வேண்டும்? இது விறைப்பு.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு தூரம் வளைத்தாலும் இது பழைய நிலைக்குத் திரும்பும்? இது மீள்மை எல்லை.

முதல் கேள்வியைப் படிவம் 5 இயற்பியலில் ஹூக் விதியாகச் சந்திப்பீர்கள். இராபர்ட் ஹூக் இந்த விதியை 1676இல் ஒரு புதிர்போல எழுத்துகளைக் கலைத்துப்போட்டு வெளியிட்டார். கண்டுபிடிப்பு தன்னுடையது என்று நிலைநாட்ட வேண்டும், அதே சமயம் பிறர் அதைப் பயன்படுத்திவிடவும் கூடாது! 1678இல்தான் விடையைச் சொன்னார்: நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

ஒரு பொருளின் விறைப்பை அளக்கும் எண்ணுக்கு யங் குணகம் என்று பெயர். எஃகுக்கு இது ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். இங்கேதான் வியப்பு. சாதாரண ஆணி செய்யும் மென்எஃகுக்கும் 200. கத்தி அலகின் கடினமான எஃகுக்கும் ஏறத்தாழ 200தான்! எஃகைக் காய்ச்சினாலும் எண்ணெயில் தோய்த்தாலும் இந்த எண் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை.

காரணம் அணுக்களில் இருக்கிறது. சிறிதளவு வளைக்கும்போது இரும்பு அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள்தாம் கொஞ்சம் நீள்கின்றன. மென்எஃகிலும் கடின எஃகிலும் அதே இரும்பு அணுக்கள், அதே பிணைப்புகள். அதனால் ஒரே விறைப்பு.

இரண்டாம் கேள்விக்கு வேறு பதில். அதிகமாக வளைத்தால் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிவிடும். வழுக்கியவை தாமாகத் திரும்பி வருவதில்லை. புதுச் சீட்டுக்கட்டை இலேசாகத் தள்ளினால் சீட்டுகள் சரியும், அல்லவா? சீட்டுகளுக்கு இடையே மணல் தூவிவிட்டால் அவ்வளவு எளிதில் சரியாது. எஃகில் கரைந்திருக்கும் கரிமம் (கார்பன்), தகுந்த வெப்பப் பதம் கிடைத்தால், அந்த மணலைப்போல வழுக்கலைத் தடுக்கிறது. மென்எஃகு ஏறத்தாழ 250 மெகாபாஸ்கல் தகைவிலேயே வழுக்கத் தொடங்கும். நன்கு பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகு 1,200 மெகாபாஸ்கலுக்கு மேலும் தாங்கும்.

ஆக, வெப்பப் பதம் ஸ்பிரிங்கை விறைப்பாக்குவதில்லை. அதிக தூரம் போய்த் திரும்பிவரும் ஆற்றலைத்தான் அதற்குத் தருகிறது.

ஒரு சிறு கணக்கு

நம் ஸ்பிரிங்கை ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்ட பட்டையாக எண்ணிக்கொள்வோம். அசையும் பகுதியின் நீளம் 40 மி.மீ., தடிமன் 3 மி.மீ., அகலம் 3 மி.மீ. முனை 1 மி.மீ. எழும்ப வேண்டும்.

பட்டை வளையும்போது ஒரு மேற்பரப்பு நீள்கிறது, எதிர்ப்பரப்பு சுருங்குகிறது. மிகுதியாக நீளும் இடத்தில் திரிபு எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் உண்டு:

திரிபு = (3 × தடிமன் × எழும்பும் தூரம்) ÷ (2 × நீளம் × நீளம்)

= (3 × 3 × 1) ÷ (2 × 40 × 40) = 0.0028

அதாவது 0.28 விழுக்காடு. ஒரு மீட்டர் நீளக் கம்பியை 2.8 மி.மீ. இழுத்தது போன்ற நிலை. இனி ஒவ்வோர் உலோகமும் எவ்வளவு திரிபைத் தாங்கித் திரும்பிவரும் என்று பார்ப்போம். தகைவு எல்லையை யங் குணகத்தால் வகுத்தால் போதும். எண்கள் தோராயமானவை:

மென்எஃகு: 250 ÷ 200,000 = 0.13 விழுக்காடு
அரைக்கடினப் பித்தளை: 300 ÷ 100,000 = 0.30 விழுக்காடு
பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகு: 1,200 ÷ 200,000 = 0.60 விழுக்காடு
டைட்டேனியக் கலவை: 830 ÷ 114,000 = 0.73 விழுக்காடு
பெரிலியச் செம்பு: 1,000 ÷ 130,000 = 0.77 விழுக்காடு

நமக்குத் தேவை 0.28. மென்எஃகு முதல் தடவையிலேயே தோற்றுவிடும். அது உடையாது, வளைந்தபடியே நின்றுவிடும். அலகு தொளதொளவென்று ஆடும். பித்தளை விளிம்பில் நிற்கிறது, நம்ப முடியாது. மற்ற மூன்றும் தாராளமாகத் தேறுகின்றன.

விசையையும் கணக்கிடலாம். மேலே சொன்ன அளவில் எஃகு ஸ்பிரிங்கின் முனையை 1 மி.மீ. தூக்க ஏறத்தாழ 63 நியூட்டன் வேண்டும். 6 கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசைக்குச் சற்று அதிகம். அலகு நெம்புகோலாக உதவுவதால் உங்கள் நகத்துக்கு அவ்வளவு சுமை வராது. அதே அளவில் டைட்டேனியம் என்றால் 36 நியூட்டன்தான்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். விசை தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 3 மி.மீ. தடிமனை 2.4 மி.மீ. ஆக்கினால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், விசை ஏறக்குறையப் பாதியாகிவிடும். கத்தி செய்பவர் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, பூட்டிப் பார்த்து, மறுபடியும் தேய்ப்பது இதனால்தான். இறுக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ அவர் தொடவேண்டியது தடிமனை; நெருப்பை அல்ல.

நெருப்பின் வேலை

அப்படியானால் நெருப்பு எதற்கு? மீள்மை எல்லையை உயர்த்துவதற்கு. இது இரண்டு கட்டமாக நடக்கும்.

முதலில் ஸ்பிரிங்கை ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வரை சிவக்கக் காய்ச்சுவார்கள். வெப்பமானி இல்லாத பட்டறையில் காந்தம்தான் துணை. இரும்பு 770 பாகையில் தன் காந்த ஈர்ப்பை இழந்துவிடும். காந்தம் ஒட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் காய்ச்சிவிட்டு எண்ணெயில் முக்கலாம். நம் கொல்லர்கள் இதைத் தோய்ச்சல் என்பார்கள். இந்தத் தோய்ச்சலில் எஃகு மிக மிகக் கடினமாகிவிடும். “அப்படியானால் வேலை முடிந்தது” என்று அதைக் கத்தியில் பூட்டினால் என்னவாகும்? கண்ணாடிபோல ‘பட்’டென்று முறியும். வகுப்பில் வந்த பதில் தவறாவது இங்கேதான்.

அடுத்து, பட்டையைப் பளபளப்பாகத் தேய்த்து, மறுபடியும் மெல்லச் சூடாக்குவார்கள். 220 பாகையளவில் அதன் மேல் வெளிர்மஞ்சள் நிறம் படரும். பிறகு பழுப்பு, ஊதா. 300 பாகையை நெருங்கும்போது அழகான நீலம். மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் தடிமன் மாறுவதால் வரும் நிறங்கள் இவை; மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வானவில் தெரிவது போலத்தான். கூர்மை நிலைக்க வேண்டிய அலகை மஞ்சளில் நிறுத்துவார்கள். வளைந்து வளைந்து உழைக்க வேண்டிய ஸ்பிரிங்கை நீலம் வரை கொண்டுபோவார்கள். கொஞ்சம் கடினத்தைக் கொடுத்து, முறியாத உறுதியை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்று இது.

தொழிற்சாலைக் கத்திகளிலும் இதே விதிதான். 1897இல் சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் பதிவு செய்த கத்திதான் இன்று ‘சுவிஸ் ராணுவக் கத்தி’ என்று உலகம் அறிந்தது. அவர் தொடங்கிய விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கணக்குப்படி, ராக்வெல் அளவுகோலில் அலகின் கடினம் 56. ஸ்பிரிங்கின் கடினம் 49. ஸ்பிரிங் வேண்டுமென்றே மென்மையாக வைக்கப்பட்டிருக்கிறது!

யார் யார் போட்டியில்?

கரிம எஃகு. கையால் செய்பவர்களின் பழைய நண்பன். 1095 என்ற எண்ணைக் கண்டால் பயப்படவேண்டாம். கடைசி இரண்டு இலக்கங்கள், அதில் 0.95 விழுக்காடு கரிமம் இருப்பதைச் சொல்கின்றன. 5160இல் 0.60 விழுக்காடு கரிமமும் சிறிது குரோமியமும் உண்டு. இது வாகனப் பட்டை ஸ்பிரிங்குகளுக்குப் பயன்படும் எஃகு. சிறிய உலையிலேயே பதம் பார்த்துவிடலாம். குறை ஒன்றுதான்: துருப்பிடிக்கும். நம் நாட்டு ஈரக்காற்றும் கை வியர்வையும் போதும்.

துருப்பிடிக்காத எஃகு. குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கொண்டது. துரு வெறும் அழுக்கு இல்லை. அது தோண்டும் சின்னஞ்சிறு குழிகளில்தான் விரிசல் தொடங்கும். எனவே கடலோரத்திலும் சமையலறையிலும் பயன்படும் கத்திக்கு இது நல்ல தேர்வு. ஆனால் இதைப் பதப்படுத்த 1,000 பாகை அல்லது அதற்கும் மேல், துல்லியமான கட்டுப்பாட்டோடு காய்ச்ச வேண்டும். காந்தத்தையும் கண்ணையும் மட்டும் நம்பிச் செய்ய முடியாது. மின் உலை வேண்டும்.

டைட்டேனியக் கலவை. 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்தது. துருப்பிடிக்காது, எடை குறைவு, நம் பட்டியலில் திரிபையும் நன்றாகத் தாங்குகிறது. பிறகு ஏன் எல்லாரும் இதையே முதுகு ஸ்பிரிங்காக வைப்பதில்லை? உராய்வுதான் காரணம். எஃகு அலகு ஒவ்வொரு தடவையும் அதன்மேல் தேய்த்துக்கொண்டு போகும்போது டைட்டேனியத்தின் பரப்பு சிராய்த்து, ஒட்டி, பிய்ந்துவரும். ‘நடை’ கெட்டுவிடும். அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் 1980களின் தொடக்கத்தில் இதற்குப் பொருத்தமான இடத்தைக் காட்டினார். அவருடைய அமைப்பில் பிடியின் உள்தகடே பக்கவாட்டில் வளைந்து, திறந்த அலகின் பின்னால் வந்து முட்டுக்கொடுத்துப் பூட்டுகிறது. அங்கே பலத்த விசை தேவையில்லை, தேய்மானமும் குறைவு. டைட்டேனியத்துக்கு ஏற்ற வேலை.

பெரிலியச் செம்பு. ஏறத்தாழ 2 விழுக்காடு பெரிலியம் கலந்த செம்பு. கணக்கில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் இதை அரைக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூசு நுரையீரலுக்குக் கடும் கேடு. ஸ்பிரிங்கை நாள் முழுவதும் கையால் தேய்ப்பவருக்கு இது ஏற்றதா? முடிவை நீங்களே சொல்லுங்கள். உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதைச் செய்பவரின் மூச்சையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பித்தளை. ஸ்பிரிங்குக்கு ஆகாது. ஆனால் பிடியின் உள்தகடாகப் பல காலமாக இருந்துவருகிறது.

பழைய லாரி ஸ்பிரிங் ஆகுமா?

நம் நாட்டில் பாராங் செய்பவர்கள் பழைய லாரிப் பட்டை ஸ்பிரிங்கை வெட்டிப் பயன்படுத்துவதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். எஃகு நல்லதுதான். ஆனால் மடக்குக் கத்தியின் மெல்லிய ஸ்பிரிங்குக்கு அதை எடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதன் பெயர் உலோகச் சோர்வு.

மீள்மை எல்லைக்குள்ளேயே வளைத்தாலும், பல்லாயிரம் முறை வளைக்கும்போது ஏதாவது ஒரு கீறலில் நுண்ணிய விரிசல் தொடங்கி, ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும். ஒரு நாள் முன்னறிவிப்பின்றி முறியும். ஒரு கத்தியை நாளுக்குப் பத்து முறை திறந்து மூடினால் பத்தாண்டில் 36,500 முறை ஆகிறது. பல ஆண்டுகள் சாலைக் குழிகளில் குதித்து உழைத்த லாரிப் பட்டையிலோ, கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏற்கெனவே இருக்கக்கூடும். மீண்டும் காய்ச்சித் தோய்த்தாலும் விரிசல் ஒட்டாது. தடித்த பாராங்கில் அது தப்பித்துவிடலாம், 3 மி.மீ. பட்டையில் தப்பாது.

அதனால்தான் கவனமான கைவினைஞர் எந்த எஃகு என்று தெரிந்த புதிய பட்டையை வாங்குகிறார். ஸ்பிரிங்கின் உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைவாகத் தேய்க்கிறார். கடைசி மெருகை நீளவாக்கில் போடுகிறார். குறுக்குவாட்டில் விழுந்த கீறல் விரிசலுக்கு வாசல் திறந்துவிடும்.

ஆய்வகத்தில் செய்து பாருங்கள்

இதற்குக் கத்தி வேண்டாம். பள்ளிக்குக் கத்தி கொண்டுவரவும் கூடாது. தலைமுடியில் செருகும் எஃகுக் கொண்டை ஊசிகள் நான்கு போதும். ஆசிரியர் உடனிருக்க, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்யுங்கள்.

ஊசிகளின் மேல்பூச்சை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, நேரான கால்களை மட்டும் வெட்டி எடுங்கள்.

முதல் கம்பியை அப்படியே வையுங்கள். இரண்டாவதை இடுக்கியால் பிடித்து, புன்சன் சுடரில் சிவக்கக் காய்ச்சி, சுடரிலிருந்து மிக மெதுவாக விலக்கி ஆறவிடுங்கள். மூன்றாவதைச் சிவக்கக் காய்ச்சி உடனே நீரில் போடுங்கள். நான்காவதையும் நீரில் போட்டு எடுத்து, உப்புத்தாளால் பளபளப்பாக்கி, சுடருக்கு மேலே தள்ளிப் பிடித்து நீல நிறம் வரும்வரை மெல்லச் சூடாக்குங்கள்.

பிறகு ஒவ்வொன்றையும் மேசை விளிம்பில் இறுகப் பிடித்து, 4 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கச் செய்து, முனையில் 30 கிராம் எடையை மெதுவாகத் தொங்கவிடுங்கள். முனை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுதுங்கள். எடையை எடுத்த பின், முனையைக் குச்சியால் 1.5 செ.மீ. வரை அழுத்திவிட்டு விடுங்கள்.

முதல் சோதனையில் நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கும். நான்கின் விறைப்பும் ஒன்றே! இரண்டாம் சோதனையில்தான் அவற்றின் குணம் வெளிப்படும். மெதுவாக ஆறியது வளைந்தே நிற்கும். நீரில் போட்டது முறியக்கூடும். நீலம் ஏறியது, தொடாத முதல் கம்பியைப்போல, நிமிர்ந்துகொள்ளும்.

சிந்திக்க மூன்று கேள்விகள்

1. நண்பர் ஒருவர், “என் கத்தியின் ஸ்பிரிங் தளர்வாக இருக்கிறது, இன்னும் கடினமாகப் பதப்படுத்தினால் இறுகிவிடும்” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அவருடைய ஸ்பிரிங் வளைந்தே நின்றுவிட்டது என்றால் உங்கள் பதில் மாறுமா?

2. மேலே உள்ள கணக்கில் நீளத்தை 40 மி.மீ.இலிருந்து 30 மி.மீ. ஆகக் குறைத்தால் திரிபு எவ்வளவு? பித்தளை இன்னும் தாங்குமா?

3. மீனவர் ஒருவருக்கு மடக்குக் கத்தி செய்து தரவேண்டும். மேலே சொன்ன ஐந்தில் எந்த உலோகத்தை ஸ்பிரிங்குக்கு எடுப்பீர்கள்? ஏன்?

மூன்றாம் கேள்விக்கு ஒரே ஒரு சரியான விடை இல்லை. ஆனால் “இருப்பதிலேயே கடினமானது” என்று இனி யாரும் எழுதமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஸ்பிரிங்குக்கு அழகு, வளையாமல் இருப்பதில் இல்லை. எத்தனை முறை வளைத்தாலும் தன் இடத்துக்குத் திரும்பி வருவதில் இருக்கிறது.